பெரியம்மா போன ரயில்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு ரயில் ஓடுகிறது. நிஜ நெருப்பு, நிஜத் தண்ணீர், நிஜ நீராவி. எஞ்சினின் நீளம் மட்டும் ஒரு சாண். அதைச் செய்து முடிக்க எனக்கு இரண்டு வருடம் நாலு மாதம் ஆனது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எஞ்சினீயர் இல்லை. தர்மபுரி மாவட்டத்தில் பல ஊர்களில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நீராவி எஞ்சின் படத்தை முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். பிஸ்டன், சிலிண்டர், வால்வு என்று அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதி, பசங்களையும் எழுத வைத்திருக்கிறேன். ஆனால், சொந்தக் கையால் ஒரு வாஷர்கூடச் செய்ததில்லை.

இந்த வேலையை ஆரம்பித்துவைத்தது என் அம்மா. அவருக்கு அப்போது தொண்ணூறு தாண்டியிருந்தது.

பெங்களூரில் இருந்து பேத்தி வருகிறாள் என்று அம்மாவையும் காரில் அழைத்துக்கொண்டு தர்மபுரி ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ரயில் வந்து நின்றதும் அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது வேற ரயிலு. எங்க ரயிலு சின்னது" என்றார்.

"எந்த ரயிலும்மா?"

"எங்க அக்கா போச்சே, அந்த ரயிலு."

வயதான காலத்தில் ஏதோ குழம்பிப் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். சேலம் - பெங்களூரு ரயில் பாதை எங்கள் ஊர் வழியாக வந்ததே 1960-களின் கடைசியில். அதற்கு எத்தனையோ வருடம் முன்பே பெரியம்மா இறந்துவிட்டார். அவர் எப்படி தர்மபுரியில் ரயில் ஏறியிருக்க முடியும்?

குழம்பியது அம்மா இல்லை, நான்தான்.

தர்மபுரிக்கு அதற்கு முன்பே ஒரு ரயில் இருந்திருக்கிறது. மொரப்பூரில் இருந்து தர்மபுரி வரை 1906-ல் போட்ட நேரோ கேஜ் பாதை. 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோய்ச் சேர்க்க வழி வேண்டும் என்பதற்காகவே அந்தக் காலத்தில் இப்படிச் சில பாதைகளைப் போட்டார்கள். பக்கத்தில் திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி பாதையும் அந்த வகைதான். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1941-ல், எங்கள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். தண்டவாளங்களையும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எத்தனையோ வருடம் அந்த ஊரில் பாடம் நடத்திய எனக்கு இது தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது.

நேரோ கேஜ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்ன கணக்கு. இப்போது நாம் போகும் பிராட் கேஜ் ரயிலில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் ஐந்தரை அடி. மீட்டர் கேஜில் ஒரு மீட்டர். ஊட்டி மலை ரயிலைப் பலரும் நேரோ கேஜ் என்று நினைக்கிறார்கள், அது மீட்டர் கேஜ். எங்கள் ஊர் ரயில் ஓடியது வெறும் இரண்டரை அடியில். இன்றைக்கும் கால்கா - சிம்லா மலை ரயில் ஓடுகிறதே, அதே அகலம். டார்ஜிலிங் ரயில் இன்னும் ஒல்லி, இரண்டு அடி.

அன்று இரவு அம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். எஞ்சின் கறுப்பு. வயிற்றைச் சுற்றிப் பித்தளைப் பட்டை. புகைபோக்கியின் வாயில் தொப்பி மாதிரி ஒரு விளிம்பு. பெட்டிக்குள் எதிரும் புதிருமாகப் பலகை. உட்கார்ந்தால் எதிரில் இருப்பவரின் முட்டி இடிக்கும். மேட்டில் ஏறும்போது வேகம் குறையும். எருமை குறுக்கே வந்தால் நின்று, அது போகும் வரை கூவிக்கொண்டிருக்கும்.

"உனக்கு அந்த ரயிலைப் பாக்கணுமாம்மா?" என்று சும்மாதான் கேட்டேன்.

"எங்க இருக்குது? பாக்கறதுக்கு?"

"நான் செய்யறேன்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், "நீயா?" என்ற கேள்வி இருந்தது. பள்ளியில் என் மாணவர்கள் சோதனைக்கூடத்தில் நான் பியூஸ் போடும்போது பார்த்த அதே பார்வை.

மாதிரி ரயில் செய்கிறவர்களுக்கு முதல் முடிவு அளவு. நான் எடுத்துக்கொண்டது, ஒரு அடிக்கு அரை இஞ்ச். அதாவது, நிஜத்தில் இருபத்து நாலில் ஒரு பங்கு. இரண்டரை அடிப் பாதை இந்தக் கணக்கில் ஒன்றேகால் இஞ்ச் ஆகிறது, கிட்டத்தட்ட 32 மில்லிமீட்டர். உலகம் முழுக்க மாதிரி ரயில்காரர்கள் பயன்படுத்தும் அளவுகளில் இந்த 32-ம் ஒன்று என்பது பிறகுதான் தெரிந்தது. ஐந்தரை அடி ஆள் என் ரயிலுக்குப் பக்கத்தில் நின்றால் இரண்டே முக்கால் இஞ்ச் உயரம், நம் நடுவிரல் அளவு.

அடுத்தது, யார் கடைசல் பிடித்துத் தருவார்கள்? பென்னாகரம் ரோட்டில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். முதலாளி என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"சார், என்னை ஞாபகம் இருக்குதுங்களா? பத்தாவதுல அறிவியல்ல முப்பத்து மூணு வாங்கி பெயிலானேனே!"

ஞாபகம் இருந்தது. இரண்டு மார்க் போடாத பாவி நான்தான். நான் கொண்டுபோயிருந்த படத்தை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், சக்கரத்துக்கு வெளிம்பு போட்டிருக்கீங்க, ஆனா டேப்பர் போடலையே. வளைவுல தூக்கிப் போட்டுடுமே?"

ரயில் சக்கரத்தின் ஓடும் பரப்பு தட்டையாக இருக்காது. விளிம்புப் பக்கம் பெருத்தும், வெளிப்பக்கம் சிறுத்தும் லேசாகச் சரிந்திருக்கும். வளைவில் வண்டி வெளிப்பக்கம் ஒதுங்கும்போது, வெளிச் சக்கரம் பெருத்த பகுதியிலும் உள் சக்கரம் சிறுத்த பகுதியிலும் உருளும். அதனால் ஒரே அச்சில் இருந்தாலும் வெளிச் சக்கரம் அதிக தூரம் போகும், வண்டி தானாகத் திரும்பும். இதைப் புத்தகத்தில் படித்துச் சொன்னவன் நான். மாட்டு வண்டிக்கும் டிராக்டருக்கும் சக்கரம் பார்த்துப் பார்த்து, பார்த்த மாத்திரத்தில் சொன்னது முப்பத்து மூன்று மார்க்.

அன்றிலிருந்து அவர் எனக்கு வாத்தியார். இப்போதும் "சார்" என்றுதான் கூப்பிடுகிறார், எனக்குத்தான் கூச்சம்.

சக்கரம், அச்சு, அடிச்சட்டம் எல்லாம் நாலு மாதத்தில் முடிந்தது. அடுத்தது பாய்லர். அங்கேதான் பெரிய தப்புச் செய்தேன்.

காயலான் கடையில் பழைய ஏசி ஆலையில் இருந்து கழற்றிய செம்புக் குழாய் கிடைத்தது, இரண்டு இஞ்சுக்குக் கொஞ்சம் கூடுதல் விட்டம். அதன் இரண்டு முனைகளையும் செம்புத் தகட்டால் மூடி, நடுவில் ஒரு சின்ன குழாயை ஓட விட்டால், அதுதான் பாய்லர். நடுக்குழாய்க்குள் லைட்டருக்கு நிரப்பும் கேஸில் எரியும் பர்னர். சுற்றிலும் தண்ணீர். மூட்டுகளை ரேடியோ ரிப்பேருக்குப் பயன்படுத்தும் ஈயத்தால் பற்றவைத்தேன். சுலபமாக ஒட்டியது. ஒழுகவில்லை. ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொல்லைப்புறத்தில் எஞ்சினைக் கட்டையின் மேல் வைத்துப் பற்றவைத்தேன். நீராவி வந்தது. எட்டு வயதுப் பேத்தி கை தட்டினாள். "இன்னும் கொஞ்ச நேரம் தாத்தா" என்றாள். எனக்கும் நிறுத்த மனமில்லை. உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

தண்ணீர் இருக்கிற வரை செம்பின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். தண்ணீர் வற்றிவிட்டால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, செம்பின் சூடு தாறுமாறாக ஏறும். ஈயம் 200 டிகிரிக்குள் உருகிவிடும். 'டப்' என்று ஒரு சத்தம். முனைத் தகடு ஒரு பக்கம் திறந்துகொண்டு, மிச்சம் இருந்த நீராவி என் இடது மணிக்கட்டில் அடித்தது.

பேத்தி ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் நின்ற பக்கம் திறந்திருந்தால்? அந்தக் கேள்வி இன்றைக்கும் சில ராத்திரிகளில் வரும்.

என் மனைவி ஒன்றும் சத்தம் போடவில்லை. மணிக்கட்டைக் குழாய்த் தண்ணீரில் வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ஏங்க, முப்பது வருஷம் ஊரான் பிள்ளைங்களைப் பத்திரமா பாத்துக்கிட்டீங்க. நம்ம வீட்டுப் பிள்ளை பக்கத்துல நிக்கும்போது ஏன் இப்படி?" என்றாள். அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. எஞ்சினை அட்டைப் பெட்டியில் போட்டு பரண் மேல் வைத்தேன்.

மூன்று மாதம் அது அங்கேயே கிடந்தது. அம்மா அவ்வப்போது, "ரயிலு என்னாச்சு?" என்பார். "வேலை இருக்குதும்மா" என்பேன். அந்தச் சமயத்தில்தான் கண் டாக்டர், கண் நீர் அழுத்தத்தால் அம்மாவின் பார்வை நரம்பு ரொம்பவே பாதிக்கப்பட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்று சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பரணில் இருந்து பெட்டியை இறக்கினேன்.

இந்த முறை மனைவி இரண்டு நிபந்தனை போட்டாள். சோதனை செய்யாமல் பற்றவைக்கக் கூடாது. பற்றவைக்கும்போது குழந்தைகள் பத்தடி தள்ளித்தான். இரண்டும் சரியான நிபந்தனைகள். நீங்கள் யாராவது இந்த வேலையில் இறங்கினால், என் மனைவியின் சட்டத்தையே பின்பற்றுங்கள்.

பற்றவைப்பதைக் கற்றுக்கொடுத்தது கடைவீதியில் நகை செய்யும் ஒரு பெரியவர். "செம்பை ஈயத்துல ஒட்டினா பாத்திரம். வெள்ளியில ஒட்டினாத்தான் உறுதி" என்றார். வெள்ளிப் பற்று 600 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். மூட்டில் வெங்காரத்தைக் குழைத்துப் பூச வேண்டும், அப்போதுதான் சூட்டில் செம்பு கறுக்காமல் பற்று உள்ளே ஓடும். அவருடைய சின்ன ஊதுகுழல் நெருப்பு என் பாய்லருக்குப் போதவில்லை. செம்பு சூட்டை ஒரு இடத்தில் நிற்க விடாது, கொடுக்கக் கொடுக்க முழு உடம்புக்கும் பகிர்ந்துகொள்ளும். கடைசியில் ஏசி மெக்கானிக் ஒருவரின் பெரிய டார்ச்தான் கை கொடுத்தது. பாய்லர் முழுவதும் செக்கச் செவேல் என்று ஆன பிறகு, வெள்ளிக் கம்பியை மூட்டில் தொட்டதும் பளபளவென்று ஒரு கோடு ஓடியது பாருங்கள், அது ஒரு காட்சி!

ஆறிய பிறகு கன்னங்கரேல் என்று இருந்தது. அம்மா கையால் தடவிப் பார்த்து, "செம்புக்கு என்ன யோசனை? புளியைப் போட்டுத் தேய்" என்றார். தேய்த்தோம். பூஜைச் செம்பு மாதிரி மின்னியது.

பிறகு சோதனை. பாய்லரை நீராவியால் சோதிக்கவே கூடாது, தண்ணீரால்தான் சோதிக்க வேண்டும். நீராவி என்பது அமுக்கி வைத்த ஸ்பிரிங். தண்ணீர் கொதித்து ஆவியானால், திறந்த வெளியில் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். பாய்லர் உடைந்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் வெளியே வரும். ஆனால், தண்ணீரை அமுக்கினால் அது சுருங்காது. அதனால் மூட்டு விட்டாலும் சொட்டு ஒழுகும், அவ்வளவுதான். பிளம்பர்கள் வீட்டுக் குழாய் லைனைச் சோதிக்க ஒரு கை பம்ப் வைத்திருப்பார்கள். அதை வாடகைக்கு வாங்கி வந்தேன்.

நம் வீட்டு குக்கர் விசில் அடிப்பது சதுர இஞ்சுக்கு 15 பவுண்டு அழுத்தத்தில். என் பாய்லர் வேலை செய்யப்போவது 40-ல். அந்த அழுத்தத்தில், உள்ளங்கையைவிடச் சின்னதான முனைத் தகட்டின் மேல் ஒரு சிமென்ட் மூட்டை எடை உட்கார்ந்திருக்கும். அதனால் இரண்டு மடங்குக்கு, 80 வரை ஏற்றினேன். முள் அப்படியே நிற்க வேண்டும். மனைவி கையில் கடிகாரத்தோடு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அரை மணி நேரம். முள் அசையவில்லை. "சரி, பத்த வைங்க" என்று எழுந்து போனாள். எந்தப் பரீட்சையிலும் நான் அப்படிப் பாஸ் ஆனதில்லை.

பழைய தப்பு திரும்பவும் நடக்காமல் இருக்க, கேஸ் டப்பாவைச் சின்னதாகவே செய்தேன். தண்ணீர் தீருவதற்கு முன்பே நெருப்பு தீர்ந்துவிட வேண்டும். நாற்பதைத் தாண்டினால் தானாகத் திறக்கும் சேஃப்டி வால்வு தனியாக.

சிலிண்டர் இரண்டு. ஏன் இரண்டு? சைக்கிள் பெடலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெடல் உச்சியில் நேராக நிற்கும்போது அதை எவ்வளவு அழுத்தினாலும் சைக்கிள் நகராது. எஞ்சினுக்கும் அந்தச் சிக்கல் உண்டு. இரண்டு பக்கத்து கிராங்க்குகளையும் கால் வட்டம் முன்பின்னாக வைத்துவிட்டால், ஒன்று மாட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் இன்னொன்று முழு பலத்தோடு தள்ளும். லேத் தம்பி இதைக் கேட்டுவிட்டு, "புருஷன் பொண்டாட்டி மாதிரிங்க சார்" என்றார். வகுப்பில் இந்த உதாரணம் எனக்குத் தோன்றவில்லையே!

எனக்குப் பிடித்த பாகம் எண்ணெய்க் கிண்ணம். நீராவி போகும் வழியில் மூடிய சின்ன கிண்ணம் ஒன்று, அது நிறைய கெட்டியான எண்ணெய். ஓட்டை வழியாகக் கொஞ்சம் நீராவி உள்ளே புகுந்து தண்ணீராகும். தண்ணீர் கனம், அடியில் போகும். எண்ணெய் மேலே ஏறி, சொட்டுச் சொட்டாக நீராவியோடு சேர்ந்து சிலிண்டருக்குப் போகும். அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது.

இனி பாதை. எட்டடி நீளப் பலகையில் நேர்ப்பாதை போட்டிருந்தேன். ஒரு முனையில் மொரப்பூர், நடுவில் தர்மபுரி, மறுமுனையில் ஓசூர். நிஜப் பாதையும் அப்படித்தானே இருந்தது? பித்தளைப் பட்டையைத் தண்டவாளமாக்கி, பேக்கிங் மரத்தில் வெட்டிய கட்டைகளில் பதித்திருந்தேன். அம்மா கையைப் பிடித்து ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை தடவ வைத்தேன்.

ஓசூர் முனையில் விரல் நின்றது.

"இங்க போயி?"

"அவ்வளவுதாம்மா. அதுதான் கடைசி ஸ்டேஷன்."

"திரும்பி எப்படி வரும்?"

"ரிவர்ஸ்ல வரும். எஞ்சினைப் பின்னால ஓட்டலாம்."

அம்மா கையை எடுத்துக்கொண்டார். "வேண்டாங்கண்ணு. போறது, போற மொகமாவே திரும்பி வரணும்."

நிஜப் பாதை நேர்கோடு, அதை வட்டமாகப் போட்டால் பொருந்தாது என்று விளக்க ஆரம்பித்தேன். வாத்தியார் புத்தி. அம்மா குறுக்கே பேசவில்லை. நான் முடித்த பிறகு, அதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

1940-ல் தை மாதம் பெரியம்மாவுக்குக் கல்யாணம். ஓசூர் பக்கம் ஒரு கிராமத்தில் மாப்பிள்ளை. பெரியம்மாவுக்குப் பதினாறு, அம்மாவுக்கு ஒன்பது. தர்மபுரி ஸ்டேஷனில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா விடவே இல்லையாம். பெரியம்மா ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டு, "போயிட்டு வரேன் பாப்பா" என்றிருக்கிறார். சொன்னபடி ஆடிக்கு அதே ரயிலில் வந்தார். இரண்டு வாரம் இருந்தார். மறுபடியும், "போயிட்டு வரேன்."

அடுத்த வருடம் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பெரியம்மா அப்போது முழுகாமல் இருந்தார். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர வேண்டும். போர்க்காலம், பெட்ரோல் கிடையாது, கரி வாயுவில் ஓடும் பஸ் வந்தால் உண்டு. மாட்டு வண்டி என்றால் ராத்திரி தங்கித் தங்கி வர வேண்டும். நிறைமாதக்காரியை அப்படி அனுப்ப முடியாது என்று மாமியார் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். பிரசவத்தில் தாயும் போனாள், பிள்ளையும் போனது. தாத்தாவுக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

"போறேன்னு சொல்லக் கூடாது, போயிட்டு வரேன்னு சொல்லணும்னு நமக்குச் சொல்லித்தராங்க இல்ல? எங்க அக்கா சரியாத்தான் சொல்லிட்டுப் போனா. ரயிலுதான் வரல."

ரயில் இருந்திருந்தால் பெரியம்மா பிழைத்திருப்பாரா? அறிவியல் வாத்தியாராக, தெரியாது என்றுதான் சொல்வேன். அந்தக் காலத்தில் தாய் வீட்டிலும் எத்தனையோ பெண்கள் பிரசவத்தில் போனார்கள். ஆனால், எண்பது வருடமாக அம்மா சுமந்தது அந்தக் கேள்வியை இல்லை. ஜன்னல் கம்பியில் இருந்து ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்ட அந்தக் கையை. அதற்கு என்னிடம் பாடம் இல்லை.

எட்டடிப் பலகையை அன்றைக்கே பிரித்துவிட்டேன்.

மொட்டை மாடியில் முட்டை வடிவத்தில் புதுப் பாதை. ஒவ்வொரு முனையிலும் இரண்டரை அடி ஆரத்தில் அரைவட்டம், நடுவில் ஆறடி நேர்ப்பாதை இரண்டு. மொத்தம் கிட்டத்தட்ட இருபத்தெட்டு அடி. காலையில் அளந்து ஒட்டினேன், மத்தியானம் போய்ப் பார்த்தால் பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தது! வெயிலில் பித்தளை நீண்டுவிட்டது. முப்பது டிகிரி சூடு ஏறினால் அந்த நீளத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் நீளும். 'தண்டவாளங்களுக்கு இடையில் இடைவெளி விடுவது ஏன்?' என்று எத்தனை முறை இரண்டு மார்க் கேள்வி கேட்டிருப்பேன்! மறுபடி பிரித்து, மூட்டுக்கு மூட்டு இடைவெளி விட்டுப் போட்டேன். அந்த இடைவெளியில் சக்கரம் ஏறி இறங்கும்போதுதான் 'டடக் டடக்' என்ற சத்தம் வருகிறது. தப்பிய பிறகுதான் ரயில் சத்தமே கிடைத்தது.

பெட்டிகள் மூன்று. உள்ளே எதிரும் புதிருமாகப் பலகை. கடைசிப் பெட்டியின் ஜன்னலுக்கு மட்டும், பேத்தி ஊதுபத்திக் குச்சியை வெட்டிக் கம்பி வைத்தாள். நான் சொல்லவில்லை. அம்மா கதை சொன்னபோது கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள்.

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம். லேத் தம்பி, நகைக்கடைப் பெரியவர், மனைவி, பேத்தி எல்லோரும் மாடியில். அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து, பாதை ஓரம் நாற்காலியில் உட்கார வைத்தோம். அப்போதெல்லாம் அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். ரயில் அவர் கண்ணுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆறு மாதம் முன்பு முடித்திருந்தால் கொஞ்சமாவது தெரிந்திருக்கும். பரணில் கிடந்த மூன்று மாதத்தை நினைத்துக்கொண்டேன்.

பேத்தி பத்தடி தள்ளி, சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே நின்றாள். பற்றவைத்தேன். ஐந்து நிமிடத்தில் முள் எழுந்தது. இருபது. முப்பது. நாற்பதில் சேஃப்டி வால்வு சீறியது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வால்வை மெதுவாகத் திறந்தேன். சிலிண்டரில் தேங்கியிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, தயங்கி, எஞ்சின் நகர்ந்தது. சக் சக் சக். முதல் வளைவு. டடக் டடக். சத்தம் தள்ளிப் போனது. அம்மாவின் முகம் அது போகும் திசையிலேயே திரும்பியது. மாடியின் அந்தக் கோடிக்குப் போனதும் சத்தம் குறைந்து, அம்மாவின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது.

பிறகு அது வளைந்து, போன முகமாகவே, அம்மாவின் கால் பக்கம் வந்தது. சூடான எண்ணெய் வாசனையும் ஈரக் காற்றும் அவர் முகத்தில் பட்டன.

"வந்துடுச்சு" என்றார்.

அடுத்த சுற்று. "வந்துடுச்சு." அதற்கு அடுத்த சுற்று. "வந்துடுச்சு." பேத்தி கோட்டுக்கு வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரும் பேசவில்லை. இருபத்து மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கி, அம்மாவின் நாற்காலிக்கு ரெண்டு அடி தள்ளி நின்றுவிட்டது.

"என்னடா, தண்ணி தீந்துடுச்சா?"

"இல்லம்மா. நெருப்புதான் தீந்துது. தண்ணி இருக்குது."

"கரி வாசனைதான் இல்ல. மத்ததெல்லாம் சரியா இருக்குது" என்று எனக்கு மார்க் போட்டார். பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மறுபடி பத்த வை கண்ணு. இன்னொரு வாட்டி போயிட்டு வரட்டும்."